5 லட்சம் இருக்கட்டும், அந்த 10,000தான் இடிக்கிறது

வணக்கம். அரசு மருத்துவக் காப்பீட்டை இன்னும் விரிவாக்கலாமா என்று கடலூரில் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஆள் தேட வேண்டும். ஆனால் எதை விரிவாக்குவது என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள், மஞ்சக்குப்பம் ஒன்று சொல்லும், துறைமுகம் வேறொன்று சொல்லும்.

இப்போது இருப்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் அதோடு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் சேர்ந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதை 10 லட்சம் ஆக்கச் சொல்பவர்களும் உண்டு, எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

[திரையில்: 1,20,000 ÷ 12 = 10,000]

இந்தக் கணக்குதான் விஷயம். தமிழ்நாட்டில் காப்பீட்டு அட்டை வாங்க குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000தான், அதை ஏற்றியது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மாதம் 10,000, அதுவும் ஒருத்தருக்கு இல்லை, மொத்த வீட்டுக்கும். திருப்பாதிரிப்புலியூரில் கணவர் ஆட்டோ ஓட்டி, மனைவி நாலு பேர் வேலை பார்க்கிற சின்னத் துணிக்கடையில் நின்றாலே எல்லை தாண்டிவிடும். சிப்காட் கம்பெனியில் வேலை என்றால் மாதம் 21,000 சம்பளம் வரைக்கும் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, இவர்களுக்கு அதுவும் கிடையாது. அப்புறம் வருமானத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் ஐயா என்று வி.ஏ.ஓ.விடம் போய் நிற்க வேண்டியதுதான். பாண்டிச்சேரிப் பக்கம் இதே பேச்சு ரேஷன் கார்டில் ஓடும், ஏழைகளுக்குச் சிவப்பு கார்டு, மற்றவர்களுக்கு மஞ்சள் கார்டு என்று. மஞ்சள் கார்டு வைத்திருப்பவர் எல்லாம் வசதியானவரா என்ன?

இன்னொரு தரப்பு இருக்கிறது. காசைத் தனியாருக்கு ஏன் கொட்ட வேண்டும், ஜி.எச்.சைச் சரி பண்ணுங்கள் என்பார்கள். பாதி சரி. ஆனால் காப்பீட்டில் ஆபரேஷன் செய்தால் அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம் போகிறது, அது பலருக்குத் தெரியாது. கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி வழியாகப் பஸ் ஏறி பாண்டிச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மரில் போய்ச் சீட்டு வாங்கும் கூட்டத்தைப் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல முடியுமா?

மாத்திரைச் செலவு தனிக் கதை. காப்பீடு பெரும்பாலும் பெட்டில் சேர்ந்தால்தான் உதவும், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு உதவாது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அது காப்பீடே இல்லை, ஆனால் வயசான அம்மாக்களிடம் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

சரி, வருமானமே கேட்காமல் திட்டம் நடத்த முடியுமா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் பாண்டிச்சேரிக்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அட்டையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டையைத் தொடங்கியபோதும் வருமானம் பார்க்கவில்லை. 70-க்குப் பார்க்காத வருமானத்தை 60-க்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? நான் கேட்பதும் அதுதான்: தொகையை ஏற்றுவதற்கு முன்னால் இந்த எல்லையை எடுங்கள்.

அதுவரைக்கும், உங்கள் வீடு வரம்புக்குள் வருகிறது, ஆனால் அட்டை இல்லை என்றால், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே போங்கள்.