ஐந்தே நகர்த்தலில் ஆட்டத்தை விட்ட உலகச் சாம்பியன்: ஹோ யிஃபான்

[திரையில்: சதுரங்கப் பலகை, வெள்ளைக் காய்களின் பக்கத்திலிருந்து]

2017 பிப்ரவரி. ஜிப்ரால்டர் ஓப்பன் போட்டியின் கடைசிச் சுற்று. வெள்ளைக் காய்களுடன் சீனாவின் ஹோ யிஃபான், எதிரே இந்தியாவின் லலித் பாபு.

முதல் நகர்த்தலில், ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். அடுத்தது மந்திரியின் சிப்பாய், ஒரு கட்டம். செஸ் பழக வந்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே "இப்படி ஆடாதே" என்று சொல்லித் தரும் நகர்த்தல்கள் இவை. மூன்றாவதாக ராணியின் முன் நின்ற சிப்பாயைத் தள்ளியதால்தான் ராஜாவுக்கு ஓட ஒரு கட்டம் கிடைத்தது. இல்லாவிட்டால், அடுத்து லலித்தின் ராணி கொடுத்த செக் அப்படியே மேட் ஆகியிருக்கும். ஐந்தாவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆண்களே அதிகம் ஆடிய அந்தப் போட்டியில், பத்துச் சுற்றுகளில் ஏழு முறை அவருக்குப் பெண்களே எதிராளிகளாக வந்தார்கள். அதற்கான எதிர்ப்புதான் இது. ஜோடிகளைக் கணினியே தீர்மானித்தது என்றார்கள் அமைப்பாளர்கள். ரசிகர்களிடம் ஹோ மன்னிப்புக் கேட்டார், கேட்கத்தான் வேண்டும். முழு ஆட்டத்துக்குத் தயாராக வந்த லலித்துக்கும் அது நியாயமில்லை. ஆனால் அந்தக் கோபம் ஒரு நாளில் மூண்டதல்ல.

[திரையில்: ஜியாங்சு மாகாண வரைபடம்]

ஹோ 1994இல் ஜியாங்சு மாகாணத்தின் சிங்ஹுவாவில் பிறந்தவர். 14 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2010இல் 16 வயதில் மகளிர் உலகச் சாம்பியன்.

அன்றைய விதியைக் கேளுங்கள். ஓராண்டு சாம்பியனும் சவாலாளரும் நேருக்கு நேர் மேட்ச் ஆடுவார்கள். மறு ஆண்டு 64 பேர் ஆடும் நாக்அவுட். அதில் சாம்பியனும் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும். இறுதிச் சுற்றைத் தவிர ஒவ்வொரு சுற்றும் இரண்டே ஆட்டங்கள், சமன் என்றால் வேக ஆட்டம். ஒருநாள் கை தவறினால் பட்டம் போயிற்று. 2012இல் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறிய ஹோவுக்கு அதுதான் நடந்தது.

மேட்ச் என்றால் கதையே வேறு. 2011இல் டிரானாவில் நம் கொனேரு ஹம்பியை வென்றார். 2013இல், 2012 நாக்அவுட்டில் பட்டம் வென்ற உஷெனினாவை வென்று பட்டத்தை மீட்டார். 2015 நாக்அவுட்டில் ஆடாததால் பட்டம் மறுபடி கைமாறியது. 2016இல் உக்ரைனின் லிவிவ் நகருக்கே போய், புதிய சாம்பியனான உக்ரைனின் மரியா முசிசுக்கிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றார். மூன்று மேட்ச்களிலும் சேர்த்து 24 ஆட்டங்கள். 10 வெற்றி, 14 டிரா. ஒரு தோல்விகூட இல்லை!

இப்படி ஆடியவரை லாட்டரிச் சீட்டுப் போன்ற நாக்அவுட்டுக்குள் திரும்பத் திரும்பத் தள்ளியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். விதியை மாற்றக் கேட்டார், மாறவில்லை. பட்டப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

ஜிப்ரால்டர் நடந்த அதே ஆண்டு கோடையில், சுவிட்சர்லாந்தின் பீல் போட்டி. ஹரிகிருஷ்ணா, லேகோ, நவாரா உட்பட எதிரே ஒன்பது ஆண்கள். 9க்கு 6.5 புள்ளிகளுடன் ஹோ முதலிடம் பிடித்தார்.

2019இல் பெண்களுக்கான கேண்டிடேட்ஸ் போட்டி, அதாவது சாம்பியனோடு மோதும் சவாலாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி, ரஷ்யாவின் கசானில் நடந்தது. நாக்அவுட்டில் சாம்பியன் பட்டத்தை இழக்கும் முறை முடிவுக்கு வந்தது. அதற்குள் ஹோ ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போய்விட்டார். 2020இல், 26 வயதில், ஷென்ஜென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.