மிஞ்சிய மஞ்சள் நூல்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரியின் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வழக்கம்போல் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்ட ஆண்டுகளில், ஆடி 18 அன்று படித்துறையில் நுரையும் செம்மண் நிறமுமாகத் தண்ணீர் ஓடும். என் பெரியம்மா ஈர மண்ணில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் பழமும் காப்பரிசியும் வாழையிலையில் பரப்பி ஆற்றுக்குப் படைத்த பிறகு, மருமகள்களுக்குக் கழுத்திலும் எங்களுக்கு மணிக்கட்டிலும் மஞ்சள் நூல் கட்டிவிடுவார். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை நூல்களை முதல் நாளே எண்ணி நறுக்கி வைத்திருப்பார். ஆகவே கட்டி முடித்த பின் தட்டில் மிஞ்சும் நூல் வராதவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, அவர்கள் என்றைக்கு வந்தாலும் எடுத்துக் கட்டுவார்.

பெரியம்மா மறைந்த பின் மூன்று ஆண்டுகள் நாங்கள் ஒன்றுகூடவில்லை. சண்டை ஏதும் இல்லை. யார் அழைப்பது என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம், அவ்வளவுதான். வேலைப்பளுவையும் தூரத்தையும் காரணமாகச் சொல்கிறோம். ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் நானே தொலைபேசியில் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பதில், "யாரும் கூப்பிடவில்லையே, பெரியப்பா" என்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் போடும் பொதுச்செய்தி அழைப்பாகாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெயர் சொல்லி, முறை சொல்லி அழைக்க வேண்டும்.

முறை சொல்லி அழைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரையும் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது, ஒவ்வொரு முறைக்கும் உரிய கடமையும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. காதுகுத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை தாய்மாமனுடையது. தாலியின் மூன்றாம் முடிச்சைப் பல குடும்பங்களில் நாத்தனார்தான் போடுகிறார். இப்படி ஒரு வேலை தனக்கென்று இருப்பதை அறிந்த குழந்தை, உறவை யாரும் பாடமாக நடத்தாமலே தெரிந்துகொள்கிறது.

ஆகவே மீண்டும் தொடங்கியபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வேலையை எழுதினோம். புளியோதரை ஒரு வீடு, தேங்காய்ச் சாதம் ஒரு வீடு. சிறுவர்கள் இழுக்கும் சப்பரத்துக்கு வண்ணத்தாள் ஒட்டுவது கல்லூரிப் பிள்ளைகள் பொறுப்பு. எல்லாவற்றையும் சமையல்காரரிடம் ஒப்படைத்து, மண்டபத்தில் உண்டு கலைவதை நான் விரும்பவில்லை. கை நனையாமல் வந்து போகிறவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார். ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியில் வருவதால் பெரும்பாலும் வேலைநாளாகிவிடுகிறது. ஆற்றுக்கு உரிய நாளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஊரில் இருப்பவர்கள் அன்றே படைத்துவிடுகிறோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் எல்லோரும் கூடுகிறோம். ஆற்றில் தண்ணீர் வராத ஓர் ஆண்டில் வாசலில் இருக்கும் அடிபம்பின் முன்னே படைத்தோம். அந்த ஆண்டும் நூல் கட்டுவது நிற்கவில்லை.

இவ்வாண்டு அந்த நோட்டு என் தம்பி மகளின் கையில் இருக்கிறது. ஆடி முதல் தேதியிலிருந்து அவள்தான் ஒவ்வொருவராக அழைக்கப் போகிறாள். நான்கு ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் வராத என் சித்தப்பா மகனின் பெயரை முதலில் எழுதியிருக்கிறாள். அவனுக்குரிய நான்கு நூல்களும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

வணக்கம்.