நாலு பக்கமும் சுற்றி வரலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் அங்கே போய் மேஸ்திரியிடம், "ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்குக் கொத்து வேலை சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போது 61 வயது. காப்பீட்டு அலுவலகத்தில் 33 வருஷம் ஃபைல் புரட்டிய கை.

"எதுக்கும்மா?"

"இலங்கைக்குப் போறேன். மலையகத்துல தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒண்ணுக்கு வீடு கட்டறாங்க. கூட நின்னு வேலை செய்ய."

"ஏன், அங்க கொத்தனார் இல்லையா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அங்கே போய் இரண்டு வாரம் இருந்து வந்த பிறகுதான் ஏதோ கொஞ்சம் சொல்ல முடிகிறது.

கொத்தனார் இருக்கிறார், நல்ல கொத்தனார். அங்கே அவரை 'பாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். ஆபீஸ் பாஸ் இல்லை, டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். கை வேலைக்காரர் யாராக இருந்தாலும் பாஸ்தான். அவர் ஒரு வரி கல் வைத்து முடிக்கும் நேரத்தில் நான் நாலு கல் வைத்திருப்பேன், அதிலும் ஒன்று கோணல். விமானம், ரயில், தங்குமிடம், வீட்டுச் செலவுக்கு நான் கொடுத்த பங்கு எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் ரூபாய் ஆனது. கணக்குப் பார்த்தே பழகிய புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாள் கூலி ஆயிரம் என்று வைத்தால்கூட எழுபது நாள் கொத்தனார் வேலை. பணமாக அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்புங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006-இல் லோனாவாலா அருகே வந்து ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டினார். ஆனால் அவருக்குத் தச்சு வேலை தெரியும். எனக்குத் தெரிந்தது பிரீமியம் கணக்கு.

அப்புறம் ஏன் போனேன்? என் அலுவலகத் தோழி ஒருத்தியின் குடும்பம் அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் சென்னைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் 'லயம்' என்று சொல்லுவாள். குதிரை கட்டும் இடத்துக்கு நம் ஊரில் சொல்லும் 'லாயம்'தான் மனத்தில் வரும். நேரில் பார்த்தபோதும் அந்த நினைப்பு மாறவில்லை. நீளமான ஒரே கட்டடம், வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் சின்னத் திண்ணை. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி பின்னாலும் இன்னொரு வரிசை. பக்கத்து அறையில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள்.

இவர்களுக்கு வீடு ஏன் இல்லை என்பது சிமெண்ட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் தோட்ட வேலைக்கு நம் ஊரிலிருந்து கூட்டிப்போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இலங்கையில் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். குடும்பங்கள் நடுவில் கிழிந்தன. அங்கேயே தங்கியவர்களில் மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003-இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவரை சொந்தமாக ஒரு அடி மண்ணை எப்படி எதிர்பார்ப்பது? லயத்தில் இருப்பவர்களுக்குத் தனி விலாசம்கூட இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும்.

இந்தியா 2010-இல் இலங்கைக்கு 50,000 வீடுகள் அறிவித்தது. அதில் ஒரு பகுதிதான் மலையகத்துக்கு. 2017-இல் மேலும் 10,000 அறிவித்தார்கள். தொண்டு அமைப்புகள் கட்டுவது தனி. நான் போனபோது ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்பது கணக்கு. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஏழுக்கு 1,905 வரும். நம் சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 இல்லையா? முக்கால் கிரவுண்டை விடக் கொஞ்சம் கூட. மலைச்சரிவில் அந்த ஏழு பேர்ச்சைச் சமன் செய்து எடுப்பதே பாதி வேலை.

நாங்கள் போனபோது கடைக்கால் முடிந்து சுவர் இடுப்பளவு வந்திருந்தது. பிப்ரவரி மாதம், மழை இல்லை. லாரி கீழே ரோட்டோடு நின்றுவிடும். சிமெண்ட் கல், மணல், மூட்டை எல்லாம் மேலே சுமக்கவேண்டும். ஒரு கல்லோடு நான் மூச்சு வாங்கி நிற்பேன். வீட்டுக்காரத் தங்கச்சி, தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து பழகியவள், இரண்டு கல்லை வைத்துக்கொண்டு என்னோடு பேசியபடியே ஏறுவாள். "அக்கா, மெட்ராஸ்ல மெட்ரோ ஓடுதாமே?"

மூன்றாம் நாள் ஜன்னல் பக்கத்துச் சுவரை நானும் வெளிநாட்டுப் பையன் ஒருவனும் ஏற்றினோம். நடுவில் யாரோ நூலைத் தட்டிவிட்டிருக்கிறோம், கவனிக்கவில்லை. மத்தியானம் பாஸ் தூக்குக்குண்டைப் பிடித்தார். குண்டு சுவரைத் தொடாமல் தனியாக ஆடியது. "அக்கா, இது வெளிய சாயுது. பிரிச்சிடுவோம்" என்றார். திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மூன்று வரி. கலவை இறுகுவதற்குள் ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்ததைக் கரணையால் சுரண்டி, கழுவி அடுக்கினேன். அந்த இரண்டு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதன்பிறகு பாஸ் எனக்குத் தண்ணீர் வேலை கொடுத்தார். வில்லிவாக்கத்து மேஸ்திரி சொல்லியிருந்தார், "கட்டுறது பெருசில்லம்மா, ஏழு நாளு சுவருக்குத் தண்ணி காட்டணும். வேல முடிஞ்சுதுன்னு கெளம்பிட்டா வெடிச்சிரும்." காலையும் மாலையும் குடத்தோடு நடந்தேன். நான் கிளம்பும் நாளில் வைத்த கல்லுக்கு ஏழு நாள் எங்கே? குடத்தை அந்த வீட்டுப் பாட்டி வாங்கிக்கொண்டார்.

இதைக் கேட்டுவிட்டு யாராவது இப்படிப் போக நினைத்தால், கூப்பிடும் அமைப்பிடம் முதலில் நிலப் பத்திரம் யார் பேரில் என்று கேளுங்கள். கணவன் பேரில் மட்டுமா, மனைவி பேரும் உண்டா என்றும் கேளுங்கள். உள்ளூர் கொத்தனாருக்குக் கூலி கிடைக்கிறதா, இல்லை உங்களை வைத்து அதை மிச்சம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இந்த வேலைக்கு எந்த விசா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் எடுத்துக்கொண்டே இருந்தார், எனக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பி வந்ததும் மேஸ்திரி, "என்னம்மா, கொத்தனார் இருந்தாங்களா?" என்றார். "இருந்தாங்க. இத்தனை வருஷமா நெலந்தான் இல்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "எனக்கும்தான் இல்ல" என்று சொல்லிக் கலவையைப் பார்க்கப் போனார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கூரை இன்னும் இல்லை. பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படிக்கான இடத்திலிருந்து கிளம்பினார். பக்கவாட்டில் போய், பின்னால் மறைந்து, அடுத்த பக்கமாக வந்தார். நிற்கவில்லை, மறுபடியும் போனார். கோயில் பிரகாரம் சுற்றுகிற அதே நடை. லயத்தில் பிறந்து, லயத்திலேயே கல்யாணமாகி, எழுபது வருஷம். அங்கே பின்பக்கம் என்பது அடுத்த வீட்டுக்காரரின் சுவர்.

மூன்றாவது சுற்றில் நானும் பின்னாலேயே போனேன். மூலை திரும்பியதும் நின்று, காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்து வாம்மா. கூரை போட்டா தண்ணி இங்கதான் விழும். ஒரு கல்லு போடணும்."

மிச்சமிருந்த கல்லில் ஒன்றை எடுத்து வந்து போட்டோம்.