12 அடி தூரத்தில் ஒரு காவடி

நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசம் நெருங்குகிறது. விரதம் ஒரு பக்கம் இருக்க, பல வீடுகளில் கேமராவும் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கும். ஃபிலிமிலிருந்து கிராப் சென்சார் டிஜிட்டலுக்கு, அதாவது படம் பதியும் சில்லு ஃபிலிமைவிடச் சிறிதாக இருக்கும் கேமராவுக்கு, மாறியவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

என்னிடம் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா இருந்தது. பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கும். லென்ஸ் 50 மில்லிமீட்டர், அது ஒன்றுதான். நம் மொரீஷியஸின் காத்ர் போர்ன் மலைக்கோவிலில் நான் வழக்கமாக நிற்கும் ஓரம் ஒன்று உண்டு. அங்கிருந்து காவடி வரும் வழி 12 அடி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் பாதம் முதல் மயிலிறகு வரை அடங்கும். வருஷக்கணக்கில் நின்று கண்ட தூரம் அது.

அப்புறம் நிக்கான் டி7000 வாங்கினேன், கிராப் சென்சார் டிஜிட்டல். பழைய லென்ஸ் அதில் அப்படியே பொருந்தும். அக்கா மகன் முதல்முறை காவடி எடுத்த வருஷம் அது. அதே ஓரம், அதே லென்ஸ். தார் ரோடு கொதிக்கிறது. அக்கா குனிந்து அவன் வெறுங்காலில் செம்புத் தண்ணீரை ஊற்றுகிறாள். கேமராவில் கண் வைத்தால் மயிலிறகும் இல்லை, பாதமும் இல்லை, அந்தச் செம்பும் இல்லை. பின்னால் நகர இடமில்லை, ஜனம். அவன் கடந்து போய்விட்டான். அந்தப் படம் இன்றுவரை என்னிடம் இல்லை.

என்ன நடந்தது? ஃபிலிமில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர். இந்த சென்சார் சுமார் 24க்கு 16. பரப்பில் பாதிகூட இல்லை. வீட்டு ஜன்னலில் நாலு பக்கமும் பலகை அடித்துச் சிறிதாக்கினால் தெரு கிட்டே வந்துவிடுமா? வராது. ஓரங்கள்தான் மறையும். "50 லென்ஸ் 75 ஆகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். ஆகாது. மறுபடியும் சொல்கிறேன், லென்ஸ் 50தான், ஓரம்தான் போகிறது. 18 அடிக்குப் பின்வாங்கினால் காவடி முழுதும் அடங்கும், சரி. ஆனால் நடுவில் நாலு தலை வரும். முகத்தின் சாயலும் மாறும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம். நான் இடத்தை விடவில்லை. 35 லென்ஸ் வாங்கினேன். அதே 12 அடியில் பாதமும் மயிலிறகும் திரும்பி வந்தன.

அடுத்தது வெயில். தைப்பூச நாட்களில் நம் தீவில் உச்சிவேளைச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். காவடியின் நிழல் முகத்தில் விழும், உடுத்திய அடர் ரோஜாத் துணியோ பளீரென்று எரியும். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் அளவு மீறிய வெளிச்சம் போனது போனதுதான். அதிலும் அந்த ரோஜா நிறத்தில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும். துணியின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் வண்ணத் திட்டாகிவிடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) குறைத்து, பிறகு திருத்த வசதியான RAW ஃபைலாக எடுங்கள். முகத்தின் இருட்டைக் கம்ப்யூட்டரில் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

பழைய நெகட்டிவ்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இதை மட்டும் கேளுங்கள்: நம் ஊர் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இந்த வாரமே வைத்துவிடுங்கள். வணக்கம்.