குடும்பத்தோட வெளிநாடு போகலாமா? ஏழு கார்டு டேரோ ரீடிங், மேசை மேல போட்டுக் காட்டுறேன்

வணக்கம் மக்களே. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர்னு நம்ம பக்கத்துல இருந்து இப்போ அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான். "அக்கா, குடும்பத்தோட வெளிநாடு போகலாமா, கார்டு என்ன சொல்லுது?" இன்னிக்கு அதுக்கான டேரோ ரீடிங்கை, அதாவது படச் சீட்டு எடுத்துப் படிக்கிறதை, முழுசா போட்டுக் காட்டுறேன். ஒரு மாதிரிக் குடும்பத்தை வெச்சுக்குவோம். அண்ணனுக்கு வெளிநாட்டுல வேலை வந்திருக்கு, அண்ணி இங்க வேலைக்குப் போறாங்க, பொண்ணு ஏழாவது படிக்குது, மாமியார் கூடவே இருக்காங்க.

கார்டைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: எந்த நாடு, என்ன விசா, அந்த விசா குடும்பத்தைக் கூட்டிட்டு வர விடுமா? இதுக்குப் பதில் தெரியாம ரீடிங் போடுறது வீண். துபாய்ல மனைவி, பிள்ளைக்கு ஸ்பான்சர் பண்ணணும்னா மாசம் 4,000 திர்ஹம் சம்பளம் வேணும், இல்ல 3,000 திர்ஹமும் தங்க இடமும் வேணும். சிங்கப்பூர்ல மனைவி, பிள்ளைக்குக் குடுக்கிற டிபெண்டன்ட் பாஸுக்கு மாசச் சம்பளம் 6,000 டாலர், அவங்க டாலர். இங்கிலாந்துல 2024 ஜனவரிக்கு அப்புறம் தொடங்குற சாதாரண மாஸ்டர்ஸ் படிப்புக்குப் போறவங்க குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதே வருஷம் மார்ச்சுல, முதியவங்களைப் பாத்துக்கிற கேர் ஒர்க்கர் விசாவுலயும் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டாங்க. இந்தத் தொகையும் விதியும் மாறிட்டே இருக்கும். அந்தந்த அரசாங்க வெப்சைட்டைத் திறந்து பாத்துட்டு அப்புறம் உக்காருங்க.

அடுத்தது கேள்வி. "போவோமா, போக மாட்டோமா"ன்னு கேக்காதீங்க. 78 கார்டு இருக்கு, அதுல ஒண்ணுல கூட ஆமா இல்லைன்னு எழுதல. விசாவை முடிவு பண்றது உங்க பேப்பரைப் பாக்குற ஆபீசர். கார்டு நல்லா செய்ற வேலை வேற: வீட்டுல யாரு மனசுல என்ன இருக்குன்னு வெளிய கொண்டு வந்து பேச வைக்கும். அதனால கேள்வியை இப்படி வைங்க: "இந்த மாற்றத்துல நாங்க ஒவ்வொருத்தரும் எங்க நிக்கிறோம், போறதுக்கு முன்னாடி எதைச் சரி பண்ணணும்?" புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மேசையில இருக்கணும். அண்ணன் மட்டும் வந்து அண்ணிக்கும் சேத்து எடுத்தா, அண்ணியைப் பத்தி அண்ணன் நினைக்கிறதுதான் வரும். நான் அப்படி ஒருத்தரை மட்டும் வெச்சு இந்த ஸ்ப்ரெட், அதாவது கார்டு அடுக்குற முறை, போடுறதில்ல.

கார்டு பத்தி சுருக்கமா. டேரோ 15ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில விளையாட்டுச் சீட்டாத்தான் வந்தது, குறி பாக்குற பழக்கம் ரொம்பப் பின்னாடி சேந்தது. என் கையில இருக்கிறது 1909ல லண்டன்ல வந்த ரைடர் டெக், படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். குடும்ப ரீடிங்குக்கு இதையே எடுங்க. எண் போட்ட சின்ன கார்டுல கூட ஆளுங்க, வீடு, படகுன்னு காட்சி இருக்கும். டேரோவே தெரியாத மாமியார் கூட படத்தைப் பாத்துப் பேசிடுவாங்க.

கலைக்கிற விதத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நம்ம ஏரியா கடல் காத்துல கார்டு ஈரம் இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ரெண்டு கார்டு சேந்து கீழ விழுந்தா "ஐயோ, தானா குதிச்சு வந்த சேதி"ன்னு எடுத்துக்குறாங்க. ஈரத்துல ஒட்டினதா கூட இருக்கும். இறுக்கமா மூடுற டப்பாவுல ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, ஒட்டாது. கையில வெச்சு மேலயும் கீழயும் மாத்துறது சரியா கலக்காது. துணியை விரிச்சு 78 கார்டையும் குப்புறப் பரப்பி, ரெண்டு கையாலயும் ஒரு நிமிஷம் வட்டமா கலைங்க. அப்படிக் கலைச்சா பாதி கார்டு தலைகீழா திரும்பிடும். அதனால ரிவர்ஸ் படிக்கப் போறீங்களா இல்லையான்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. நான் இந்த ஸ்ப்ரெட்டுக்குப் படிக்கிறதில்ல, எல்லாத்தையும் நேராக்கிட்டுத்தான் போடுவேன். எடம் ஏழுன்னு இருக்கு, அதுவே போதும்.

மேல ரெண்டு: ஏன் கிளம்புறோம், பின்னாடி யாரு எது நிக்குது. நடுவுல மூணு: அண்ணன், அண்ணி, பொண்ணு. கீழ ரெண்டு: காசும் பேப்பரும், அப்புறம் அங்க மொத ஆறு மாசம். சரி, எடுக்குறேன்.

ஒண்ணு, ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ், அதாவது காசு கார்டு. பனியில ரெண்டு பேர் நடந்து போறாங்க, ஒருத்தர் ஊன்றுகோல்ல. பின்னாடி கண்ணாடி ஜன்னல்ல வெளிச்சம் எரியுது, கதவு மட்டும் படத்துல எங்கயும் இல்ல. காசு நெருக்கடியில இருந்து தப்பிக்கத்தான் கிளம்புறாங்கன்னு படிக்கணும். தப்பில்ல. ஆனா அதை வாய் விட்டுச் சொல்லணும். "பொண்ணு படிப்புக்காக"ன்னு வெளிய ஒண்ணு, உள்ள கடன்னு இருந்தா, அங்க போய் மொத வாடகை கட்டுறப்போ சண்டையா வரும். கடன் மொத்தம் எவ்ளோ, மாசத் தவணை எவ்ளோன்னு அந்த நிமிஷமே ஒரு பேப்பர்ல எழுத வைங்க.

ரெண்டு, சிக்ஸ் ஆஃப் கப்ஸ், கோப்பை கார்டு. வீட்டு முற்றத்துல ஒரு பையன் குட்டிப் பொண்ணுக்குப் பூ வெச்ச கோப்பை குடுக்குறான். எல்லாரும் இந்தக் குழந்தைங்களைப் பாத்துட்டு "பழைய ஞாபகம்"னு நிறுத்திக்குவாங்க. கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன், இடது பக்கம் பின்னாடி பாருங்க. கையில கோல் பிடிச்ச ஒருத்தர் முதுகைக் காட்டி நடந்து போறாரு, தெரியுதா? இந்த எடத்துல எனக்கு அவருதான் மாமியார். எல்லாரும் முன்னாடி நடக்கிறதைப் பாத்துட்டு இருக்கிறப்போ சத்தமில்லாம பின்னாடி நிக்கிறவங்க. அவங்களை உள்ள இருந்து கூப்பிட்டு இந்தக் கார்டைக் கையில குடுங்க, அவங்களே சொல்லட்டும். கூட வர்றாங்களா, இங்கயே இருக்காங்களா? சிங்கப்பூருக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போக சம்பளம் 12,000 டாலர் வேணும், அதனால இங்க இருக்குறதுதான் நிறைய வீட்டுல நடக்கும். அப்போ ஒரு வேலை பாக்கி இருக்கு. மாமியாரோட ஆதார், பேங்க், பென்ஷன், கேஸ் புக்கிங்னு எல்லா ஓடிபியும் பையன் நம்பருக்குத்தான் போகுது. அவரு அங்க போய் இந்த சிம்மைக் கைவிட்டா இவங்களால ஒரு சிலிண்டர் புக் பண்ண முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க பேர்ல ஒரு நம்பர் வாங்கி எல்லாத்துலயும் மாத்திடுங்க.

மூணு, அண்ணன், நைட் ஆஃப் வாண்ட்ஸ், கோல் பிடிச்ச குதிரை வீரன். குதிரை முன்னங்காலைத் தூக்கி நிக்குது, பின்னாடி பாலைவனம், பிரமிடு. ஆளு மனசளவுல கிளம்பிட்டாரு, அவ்ளோதான்.

நாலு, அண்ணி. எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், வாள் கார்டு. இங்க கொஞ்சம் நிக்கணும். கண்ணைக் கட்டி, உடம்பைச் சுத்தித் துணி கட்டி, சுத்தி எட்டு வாள். "அண்ணி மாட்டிக்கிட்டாங்க"ன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க, படத்தை நல்லா பாருங்க. கால் கட்டல. துணி தளர்வா இருக்கு. முன்னாடி வாளே இல்ல, வழி திறந்துதான் இருக்கு. கண் கட்டு மட்டும்தான் பிரச்சனை, அதாவது தகவல் இல்லாம இருக்காங்க. டிபெண்டன்ட் விசாவுல போனா நான் வேலை பாக்கலாமான்னு அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சிங்கப்பூர்ல 2021 மே மாசத்துல இருந்து டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிறவங்க வேலைக்குப் போகணும்னா தனியா ஒர்க் பாஸ் வேணும். துபாய்ல புருஷன் விசாவுல இருந்தாலும் ஒர்க் பர்மிட் வாங்கி வேலை பாக்கலாம். இங்கிலாந்துல ஸ்கில்டு ஒர்க்கரோட மனைவி வேலை பாக்க விசாவே அனுமதிக்கும். நாட்டுக்கு நாடு இவ்ளோ வித்தியாசம். இங்க மாசச் சம்பளம் வாங்குறவங்க அங்க போய் ரீசார்ஜுக்குக் கூட கை நீட்டுற நிலைமை வருமான்னு அவங்க கேக்குறது நியாயமான கேள்வி. அதுக்கு மேசையிலயே பதில் வரணும்.

இப்போ மூணையும் நாலையும் சேத்துப் பாருங்க. குதிரை வீரன் இடது பக்கம் பாத்து நிக்கிறாரு. அண்ணி, பொண்ணு கார்டு ரெண்டும் அவருக்கு வலது பக்கம், முதுகுக்குப் பின்னாடி. நான் இதை அப்படியே சொல்லிடுவேன்: "அண்ணா, நீங்க பாக்குற பக்கம் இவங்க இல்ல." கார்டு கார்டா தனியா அர்த்தம் சொல்லிட்டுப் போனா இது கண்ணுல படாது.

அஞ்சு, பொண்ணு, பேஜ் ஆஃப் பென்டகிள்ஸ். கையில இருக்கிற காசை மட்டும் பாத்துட்டு நிக்கிற பிள்ளை. படிப்பு, பொறுமை, நல்ல கார்டு. பாக்க வேண்டியது பள்ளிக்கூட காலண்டர். துபாய்ல இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஏப்ரல்ல தொடங்கும், சிங்கப்பூர் ஜனவரியில, இங்கிலாந்து செப்டம்பர்ல. சிங்கப்பூர் அரசுப் பள்ளின்னா இங்கிலீஷும் கணக்கும் ஏஇஐஎஸ்னு ஒரு தேர்வு எழுதணும். கிளம்புற மாசத்தை இதை வெச்சு முடிவு பண்ணுங்க. கார்டுல இருந்து மாசம் சொல்றவங்க இருக்காங்க, ஆனா ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு கணக்கு சொல்றாங்க. அதை நம்பி டிக்கெட் போட வேணாம்.

ஆறு, காசும் பேப்பரும். செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். கூடாரத்துல இருந்து ஒருத்தன் அஞ்சு வாளை அள்ளிட்டு நுனிக்கால்ல நழுவுறான், ரெண்டு வாள் தரையிலயே நிக்குது. இந்த எடத்துல இது வந்தா மொத கேள்வி ஏஜென்ட் யாரு. லைசென்ஸ் நம்பரை மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல போட்டுப் பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400, ரசீதோட. அதுக்கு மேல லட்சக்கணக்குல கேட்டா நிறுத்துங்க. "இப்போ விசிட் விசாவுல போங்க, அங்க மாத்திக்கலாம்"னா எழுந்து வந்துடுங்க. ஆஃபர் லெட்டரைக் கம்பெனியோட சொந்த இமெயிலுக்கு அனுப்பி நேரா கேளுங்க. தமிழக அரசோட அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978ல இருந்து இருக்கு, அங்கயும் விசாரிக்கலாம்.

ரெண்டாவது கேள்வி, தரையில விட்டுப் போன அந்த ரெண்டு வாள். எந்தப் பேப்பர் பாக்கி? நம்ம வீடுகள்ல திரும்பத் திரும்ப மாட்டுறது மூணு. ஒண்ணு இனிஷியல். பள்ளிச் சான்றிதழ்ல இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா விரிஞ்சிருக்கும், ரெண்டும் ஒரே ஆளான்னு கேப்பாங்க. இன்னொண்ணு பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ்ல பேரே இருக்காது. பொறந்து 12 மாசம் வரைக்கும் பேர் சேக்க காசு இல்ல, அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேக்கலாம். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இன்னும் டைம் இருக்கு, மாநகராட்சியில போய் முடிங்க. மூணாவது கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதியணும். கோயில்ல குடுத்த ரசீது, பத்திரிகை, ஆல்பம் எதுவும் விசாவுக்கு நிக்காது. துபாய் போறவங்களுக்கு அப்போஸ்டில்ங்கிற பன்னாட்டு ஒப்பந்த முத்திரை மட்டும் போதாது, அந்த நாடு அந்த ஒப்பந்தத்துல இல்ல. வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அவங்க தூதரகம்னு முத்திரை வாங்கணும். இதுக்கே வாரக்கணக்கா ஆகும்.

இந்தக் கார்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஏமாத்துறது வெளிய இருந்துதான் வரணும்னு இல்ல. வீட்டுக்குள்ள ஒருத்தருக்குத் தெரியாம நகை அடகுல இருக்கான்னு மெதுவா கேளுங்க. பதில் வர கொஞ்சம் நேரம் ஆகலாம், அவசரப்படுத்தாதீங்க.

ஏழு, சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். காசிமேட்டுக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், படகு. ஒருத்தர் நின்னு துழாவுறாரு, முன்னாடி ஒரு பெண்ணும் குழந்தையும், மூணு பேரும் முதுகைத்தான் காட்டுறாங்க. ஆறு வாள் படகுலயே குத்தி நிக்குது. படகுக்கு இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் தண்ணி மட்டமா இருக்கு. பயணத்துக்கு இதை விட நேரடியான கார்டு இல்ல. ஆனா "சூப்பர், போயிடுவீங்க"ன்னு முடிச்சிடாதீங்க, வாளும் கூடவே வருது. கடன், அண்ணியோட வேலை, மாமியார் பத்தின கவலை எல்லாம் ஏர்போர்ட்டைத் தாண்டி வரும். மொத ஆறு மாசம் அமைதியா இருக்கும், சந்தோஷமா இருக்கும்னு இந்தக் கார்டு சொல்லல. ஆறு மாசச் செலவுக்குக் கையில காசு, வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வீடியோ கால், ரெண்டையும் இப்பவே பேசி முடிவு பண்ணச் சொல்லுங்க.

மொத்தமா ஒரு தடவை பாருங்க. வாள் மூணு, காசு ரெண்டு, கோல் ஒண்ணு, கோப்பை ஒண்ணு, மேஜர்னு சொல்ற 22 பெரிய கார்டுல ஒண்ணு கூட இல்ல. மேஜர் இல்லன்னா விஷயம் இவங்க கையிலயே இருக்குன்னு படிக்கிறது வழக்கம். வாள் நிறைய இருந்தா பேச்சும் பேப்பரும் பாக்கி. கோப்பை வந்த ஒரே எடம் மாமியார் எடம், அதனால நானா இருந்தா முதல்ல அவங்ககிட்டதான் பேசுவேன்.

பிடிக்காத கார்டு வந்துச்சுன்னு மறுபடி கலைச்சுப் போடாதீங்க. அப்படிப் போட்டா ஆசைப்பட்டது வர வரைக்கும் போட்டுட்டே இருப்பீங்க. போட்டோ எடுத்து, தேதி போட்டு, யாரு என்ன சொன்னாங்கன்னு கீழ எழுதி வைங்க. ஆஃபர் லெட்டர் வந்துச்சு, ஸ்கூல் சீட் கிடைச்சுச்சு, மாமியார் உடம்பு மாறுச்சுன்னு ஏதாவது நிஜமா மாறினா மட்டும் அடுத்தது போடுங்க. இந்த ஏழுல ஏதோ ஒரு கார்டைக் காட்டி "தோஷம், பரிகாரத்துக்கு இவ்ளோ ஆகும்"னு யாராவது கேட்டா குடுக்காதீங்க. டேரோவுல பரிகாரம்னு ஒண்ணு கிடையாது. அந்தக் காசு பேப்பருக்கு முத்திரை வாங்குற அட்டெஸ்டேஷனுக்கு ஆகும்.

அடுத்த வீடியோவுல, புருஷன் மட்டும் முன்னாடி போய் குடும்பம் பின்னாடி போறதுக்கான ஸ்ப்ரெட். வரேன் மக்களே.