ரேடாரிலிருந்து ரேடியேஷன் மெஷினுக்கு: ஏர்ஃபோர்ஸ் விட்ட பிறகு எனக்குக் கிடைத்த வேலை

வணக்கம் நண்பர்களே. இன்று வெளியே எங்கும் போகவில்லை. வேலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு ஜோத்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். ஏர்ஃபோர்ஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபிட்டர், சார்ஜன்ட். வெளியே வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. "அண்ணே, இருபது வருஷமா ரேடாரைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை. வெளியில யார்கிட்ட ரேடார் இருக்கு? செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகணுமா?" என்று கேட்டான். எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. 2021இல் காட்பாடி ஸ்டேஷனில் ட்ரங்குப் பெட்டியோடு இறங்கியபோது என் மனதிலும் இதே கேள்விதான் இருந்தது.

முதலில் ஒன்று. செக்யூரிட்டி வேலையை நான் குறைவாகச் சொல்லவே மாட்டேன். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருக்கிற ஊர்கள் உண்டு. என் சித்தப்பா ராணுவத்திலிருந்து வந்து, டெக்ஸ்கோ என்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் மூலம் பன்னிரண்டு வருடம் காவல் பணி பார்த்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். ஆனால் ஹை வோல்டேஜ் டிரான்ஸ்மிட்டரைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த ஒருவன், தனக்கு வேறு வழியே இல்லை என்று நம்பி கேட்டில் போய் நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

நான் 2001இல் சேர்ந்தேன். பெங்களூரு ஜாலஹள்ளியில் ட்ரேடு டிரெய்னிங், அப்புறம் முழுக்க ரேடார். எந்த ரேடார், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் யூனிஃபார்மைக் கழற்றிய பிறகும் நம்மைக் கட்டுப்படுத்தும். இன்டர்வியூவில் உட்காரும்போதும் இதை மறக்காதீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லலாம். எதில், எங்கே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் என்ன செய்கிறேன்? புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷின்களுக்கு சர்வீஸ் இன்ஜினியர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் லினாக் என்பார்கள்.

முதல் முறை ஒரு லினாக்கின் கவரைத் திறந்து காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே இருந்தது எனக்குப் பழக்கமான சரக்கு! ரேடாரில் என்ன நடக்கிறது? கரன்டைச் சேமித்து வைக்கிறோம். ஒரு ஸ்விட்ச் அதைக் கண நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது. பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்துகிறது. மேக்னட்ரான் அந்தப் பல்ஸை மைக்ரோவேவாக மாற்றுகிறது. அது வேவ்கைடு என்ற உலோகக் குழாய் வழியாக ஆன்டெனாவுக்குப் போய் ஆகாயத்தில் விரிகிறது. லினாக்கிலும் அதே பாதைதான். ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு செம்புக் குழாய் இருக்கும். அதற்குள் எலக்ட்ரான்கள் அந்த மைக்ரோவேவில் ஏறி ஓடி, டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அங்கிருந்து எக்ஸ்ரே பிறக்கிறது. அலைவரிசைகூட சுமார் 3 கிகாஹெர்ட்ஸ், ரேடார்களில் பயன்படும் நம் எஸ் பேண்டேதான். சில மெஷின்களில் மேக்னட்ரானுக்குப் பதில் கிளைஸ்ட்ரான் என்ற மைக்ரோவேவ் பெருக்கி இருக்கும். நம் ஆட்களுக்கு அதுவும் புதிதல்ல.

இது தற்செயலான ஒற்றுமை இல்லை. கேவிட்டி மேக்னட்ரானை 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டாலும் பூட்டும் செய்தது ரேடாருக்காக. போர் முடிந்தது. அந்த மைக்ரோவேவ் அறிவை வைத்துத்தான் மருத்துவ லினாக்கைக் கட்டினார்கள். 1953இல் லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் அதில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆக, நாம் போக நினைக்கும் பாதையில் அந்த மெஷினே நமக்கு முன்னால் போய்விட்டது.

சரி, வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். உடனே கிடைக்கவில்லை. ஏழு மாதம் ஆனது. முதல் இன்டர்வியூ ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம். எதிரே இருந்தவர் என் ரெஸ்யூமேவை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "ஃபிட்டர்னா லேத் மெஷினா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை, அது அவர் தவறில்லை. நான் எழுதிய விதம் அப்படி. "எலக்ட்ரானிக்ஸ் ஃபிட்டர், செகண்ட் லைன் சர்வீசிங், ஷிஃப்ட் இன்சார்ஜ்" என்று எழுதியிருந்தேன். உள்ளே இருக்கும் நமக்கு அந்த மூன்று வரியில் இருபது வருடமும் தெரியும். வெளியில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டு அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்து, பதவிப் பெயர் எதையும் எழுதாமல், கையால் செய்த வேலைகளை மட்டும் எழுதினேன். ஹை பவர் பல்ஸ்டு மைக்ரோவேவ் டிரான்ஸ்மிட்டர் பராமரிப்பு. வேவ்கைடில் ரிஃப்ளெக்டட் பவர் அளந்து கோளாறு கண்டுபிடித்தல். த்ரீ ஃபேஸ் சப்ளை, ஜெனரேட்டர், கூலிங் பிளான்ட். சர்க்யூட் டயக்ராம் பார்த்து போர்டு அளவில் பழுது நீக்குதல். எட்டுப் பேர் கொண்ட ஷிஃப்டை நடத்தியது, புதிய பையன்களுக்குப் பாடம் எடுத்தது. நான்கு பக்கம் வந்தது. அதை ஒரு பக்கமாகச் சுருக்கினேன். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் மருத்துவக் கருவி சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. சம்பளம், நான் கடைசியாக வாங்கியதில் பாதிதான். பென்ஷன் இருந்ததால் தைரியமாகச் சரி என்றேன். தம்பிகளா, பென்ஷனின் பெரிய உதவியே அதுதான். புதுத் தொழிலில் கீழ்ப்படியிலிருந்து ஏற அது நேரம் கொடுக்கிறது.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். சேர்ந்த முதல் வருடம். ஒரு ஆஸ்பத்திரியில் லினாக் அடிக்கடி நின்றுவிடுகிறது. ரிஃப்ளெக்டட் பவர், அதாவது உள்ளே போகாமல் திரும்பி வரும் பவர், கூடுகிறது, இன்டர்லாக் என்ற பாதுகாப்புத் தடுப்பு விழுகிறது, மெஷின் ஆஃப். மேக்னட்ரான் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது லட்சக்கணக்கில் பிடிக்கும் பொருள். நான் இரண்டு நாள் டைம் கேட்டேன். ரேடாரில் பழகிய பழக்கம், ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நேரத்தை நோட்டில் குறித்தேன். காலையில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே மதியம் ஒரு மணிக்கு மேல்.

அந்த நேரப் பட்டியலைப் பார்த்ததும் மேக்னட்ரானை விட்டுவிட்டு நேரே மொட்டை மாடிக்கு ஏறினேன். மெஷினுக்குப் போகும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் அங்கேதான் இருந்தது. கண்டென்சர் முழுக்கப் புழுதியும் பஞ்சும் அடைத்து, கம்பளி போர்த்தியது போல இருந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் சூடாகிறது. அந்தச் செம்புக் குழாய் லேசாக விரிவடைகிறது. அதன் ரெசோனன்ஸ் அலைவரிசை, அதாவது அது ஒத்திசையும் அலைவரிசை, நகர்கிறது. மேக்னட்ரானை அதோடு சேர்த்து இழுத்துச் செல்ல வேண்டிய ஆட்டோமேட்டிக் ஃப்ரீக்வன்சி கன்ட்ரோல் ஓர் எல்லைக்கு மேல் தடுமாறுகிறது. பவர் திரும்பி வருகிறது. கண்டென்சரைக் கழுவினோம். மெஷின் நிற்கவில்லை.

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று மதியம் வெளியே பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். ரேடியேஷன் என்பது ஒரு நாள் வேலை இல்லை. பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், பல வாரம் தொடர்ந்து வர வேண்டும். "மெஷின் சரியாயிடுச்சா சாமி?" என்று கேட்டார். சரியாகிவிட்டது பாட்டி, உள்ளே போங்கள் என்றேன். இருபது வருடம் ரேடார் பார்த்தேன், அதன் பயனைத் திரையில் புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அது எதிரே உட்கார்ந்திருந்தது.

புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதும் நிறைய உண்டு. ரேடியேஷன் பாதுகாப்பு ஒரு தனி உலகம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள்தான் இங்கே சட்டம். மார்பில் உடம்பில் படும் ரேடியேஷனைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் இல்லாமல் வேலை கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்து எவ்வளவு டோஸ் என்று பார்ப்பார்கள். டோஸ் அளவை மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் நோயாளியை உள்ளே அனுப்ப முடியாது. டாக்டர்களோடும் கணக்குப் பிரிவோடும் பேசுவதும் தனிக் கலை. நாம் "எஸ் சார்" என்று நிறுத்திக்கொள்வோம். இங்கே ஏன், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று விளக்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது.

காகித விஷயம் கொஞ்சம். நான் சர்வீஸில் இருக்கும்போதே ஏஎம்ஐஇடிஇ என்ற எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் தேர்வை எழுதி முடித்தேன். 2013 மே 31 வரை அதில் சேர்ந்தவர்களுக்குத்தான் மத்திய அரசின் டிகிரி அங்கீகாரம் பொருந்தும். நீங்கள் சேர்ந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருட சேவையும் பத்தாம் வகுப்பும் இருந்தால் முன்னாள் படைவீரருக்கான குரூப் சி இடங்களில் பட்டதாரியாகக் கருதுவார்கள். ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று கேட்கும் பதவிகளுக்கு அது செல்லாது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஓய்வு நெருங்கும்போது டிஜிஆர் என்ற படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளுக்கு விண்ணப்பியுங்கள், அதிகபட்சம் 24 வாரம். நண்பன் எடுக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு அதே கோர்ஸை எடுக்காதீர்கள். ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

ரேடார் ஆட்களுக்கு லினாக் மட்டும்தான் என்று இல்லை. எம்ஆர்ஐ மெஷினிலும் ரேடியோ அலைதான், 1.5 டெஸ்லா என்றால் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். கம்யூனிகேஷன் பார்த்தவர்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. ஏர்போர்ட் நேவிகேஷன் கருவிகள், டெலிகாம், டேட்டா சென்டரின் யுபிஎஸ், எல்லா இடத்திலும் நம் கை பேசும்.

ஜோத்பூர் தம்பி அடுத்த வாரம் லீவில் வருகிறான். நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டு வா, பதவிப் பெயர் எதுவும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். இதே மாடியில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அவனுடைய நான்கு பக்கத்தை எழுதப் போகிறோம். அவன் சம்மதித்தால் அதையும் வீடியோ எடுத்துப் போடுகிறேன். எனக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு ஒரு மெஷினில் பராமரிப்பு வேலை இருக்கிறது, முதல் நோயாளி வருவதற்குள் முடிக்க வேண்டும். வருகிறேன் நண்பர்களே.