சுகர் இறங்கியதை மீட்டர் காட்டும், அந்தப் பயத்தை எது காட்டும்?

(திரையில்: ராத்திரி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்)

மேற்கு மாம்பலத்தில் இருக்கிற, சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிற எங்கள் பெரியம்மா படுக்கும் முன் இந்த ஸ்டூலில் ஒரு சொம்புத் தண்ணீர், குளுக்கோஸ் பொடி டப்பா, அதற்குள்ளேயே ஒரு ஸ்பூன், டார்ச் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வயிறு நிறைந்திருந்தாலும் நாலு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத்தான் படுப்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நைட்டி நனைய வேர்த்து, கை நடுங்கி, பக்கத்தில் படுத்திருந்த பெரியப்பாவைக் கூப்பிட நாக்கு எழவில்லை. மீட்டரில் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அப்புறம் அவ்வளவு கீழே இறங்கவே இல்லை. பிஸ்கட் மட்டும் நிற்கவில்லை.

கணக்குப்படி 70க்குக் கீழே போனால் லோ சுகர், 54க்குக் கீழே போனால் ஆபத்தான லோ. இன்னொருவர் உதவியில்லாமல் மீள முடியாது என்றால், மீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் அது கடுமையானது. வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் உடம்பு அட்ரினலினை விட்டு அடிக்கிற மணி. பேச்சுக் குழறுவது, குழப்பம் எல்லாம் மூளைக்குக் குளுக்கோஸ் பத்தாததால் வருவது.

(திரையில்: லேப் ரிப்போர்ட்)

மூன்று மாதச் சுகரின் சராசரியைச் சொல்கிற எச்பிஏ1சி பெரியம்மாவுக்கு ஏறிக்கொண்டே போனது. "வாயைக் கட்டுங்கம்மா" என்றார் டாக்டர். ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

சரி, இந்தப் பயம் கெடுக்கிற வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? உலகம் முழுக்கப் பயன்படுகிற இக்யூ-5டி என்ற படிவம் நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்தைக் கேட்கும், ஆனால் இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி சுகர் இறங்கியவர் வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "பிரச்சினை இல்லை" என்றுதான் டிக் அடிப்பார், அதில் பொய்யும் இல்லை.

ஆனால் 1987லேயே அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் லோ சுகர் பயத்துக்கென்றே தனியாக ஒரு கேள்விப் படிவம் செய்தார்கள். என்ன கவலைப்படுகிறீர்கள் என்பது ஒரு பகுதி, அந்தக் கவலையால் என்ன செய்கிறீர்கள் என்பது இன்னொரு பகுதி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். தனியாக இருக்கும்போது சுகரை வேண்டுமென்றே உயர்த்தி வைத்துக்கொள்கிறீர்களா? அந்த ஒரு கேள்வியில் நாலு பிஸ்கட்டும் வந்துவிடும்.

நோயாளி நிரப்புகிற படிவத்தில் பெரியப்பாவுக்கு இடமில்லை. இரண்டு மணிக்கு எழுந்து மனைவி நெற்றி வேர்த்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிற அவர் தூக்கமும் இந்தக் கணக்கில் வரவேண்டியதுதானே. கூட இருப்பவர்களுக்கென்று தனிப் படிவங்கள் இருக்கின்றன, கேட்கத்தான் ஆள் வேண்டும்.

(திரையில்: தாம்பரம் மின்சார ரயில், சாயங்கால நெரிசல்)

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மே மாதம் இந்தப் பெட்டியில் வேர்க்காதவர் யார்? லோ சுகரின் முதல் அடையாளமே வெயிலோடு கலந்துவிடுகிறது. ஒருவர் தள்ளாடி, பேச்சுக் குழறி நின்றால் "குடிச்சிருக்கான்" என்று விலகிப் போவோம். அந்த அவமானத்துக்குப் பயந்தே வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இன்னொன்று. அடிக்கடி சுகர் இறங்கினால் அந்த மணி அடிப்பதே நின்றுபோகலாம். அறிகுறி தெரிவதில்லை, அதனால் பயமும் தெரிவதில்லை, ஆபத்து மட்டும் கூடுகிறது. ஆகவே பயத்தின் மதிப்பெண் குறைவாக வந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு அறிகுறி தெரிகிறதா என்று 1 (எப்போதும் தெரியும்) முதல் 7 (தெரியவே தெரியாது) வரை கேட்கிற ஒற்றைக் கேள்வி இருக்கிறது, 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் உணர்வு மங்குகிறது என்று அர்த்தம்.

போன முறை பெரியம்மாவோடு நானும் போனேன். பத்து நாளாக ராத்திரி எத்தனை பிஸ்கட், எதற்காக, எத்தனை தடவை விழிப்பு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி டாக்டரிடம் கொடுத்தோம். அவர் இரண்டு தடவை படித்தார். ராத்திரி போடுகிற, சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, லோ வந்தால் பிஸ்கட் வேண்டாம், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

இப்போது இரண்டு பிஸ்கட். டார்ச் இன்னும் ஸ்டூலில்தான் இருக்கிறது.